மேடைப் பேச்சைத் தொழிலாக்க நினைக்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சாளராகத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே பேசும்.

1. நல்லாப் பேசுறேன்னு எல்லாரும் சொல்றாங்க. தொழிலா ஆரம்பிக்க அது போதாதா?

போதாது. நன்றாகப் பேசத் தெரிந்திருப்பது அடிப்படைத் தகுதி, அவ்வளவுதான். நிகழ்ச்சி நடத்துபவரின் இடத்தில் நின்று பாருங்கள். அவரிடம் ஒரு தேதி இருக்கிறது, ஓர் அரங்கு இருக்கிறது, அதில் வந்து உட்காரப்போகும் ஆட்கள் யாரென்று தெரிந்திருக்கிறது. பேச்சாளர் சொதப்பினால் பேச்சாளரைவிட அவருக்குத்தான் தலைகுனிவு. எனவே அவர் மனத்தில் ஓடுவது இரண்டே கேள்விகள். என் ஆட்களுக்கு உதவுகிற விஷயம் இவரிடம் இருக்கிறதா? இவரை நம்பி மைக்கைக் கொடுக்கலாமா?

இந்த இரண்டுக்கும் அவர் கேட்பதற்கு முன்பே பதில் தயாராக வைத்திருப்பவருக்கு அழைப்பு வருகிறது. குரல்வளம், சொல்வளம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

2. எதைப் பத்திப் பேசறது? 'தன்னம்பிக்கை', 'வெற்றி'ன்னு பொதுவா வெச்சுக்கிட்டா எல்லா இடத்துலயும் பேசலாமே?

எல்லா இடத்துக்கும் பொருந்துகிற தலைப்பை எந்த இடமும் தேடுவதில்லை. தன்னம்பிக்கைக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் ஏற்கெனவே பெயர் தெரிந்த ஒரு விளையாட்டு வீரரையோ தொழிலதிபரையோ கூப்பிட்டுவிடுவார்கள். பெயர் தெரியாத ஒருவரைக் கூப்பிட வேண்டுமானால் தலைப்புதான் அவருக்காகப் பேச வேண்டும்.

ஒரு வாக்கியத்தை நிரப்பிப் பாருங்கள்: யாருக்கு, எந்தச் சிக்கலில், கேட்டுவிட்டுப் போன மறுநாள் அவர்கள் என்ன மாற்றிச் செய்வார்கள். ஒரு செவிலியர் 'மருத்துவத் துறையில் தகவல் தொடர்பு' என்று வைத்தால் அது காற்றோடு போய்விடும். 'பணி மாறும் நேரத்தில் நோயாளியைப் பற்றிய தகவல் விடுபடாமல் ஒப்படைப்பது எப்படி' என்று வைத்தால் எந்த மருத்துவமனைப் பயிற்சிப் பொறுப்பாளருக்கும் அது உடனே புரியும். கணக்காளர் ஒருவருக்கு 'நிதி மேலாண்மை' வேண்டாம். 'லாபம் வருகிறது, கையில் காசு நிற்கவில்லை, ஏன்?' என்பது போதும்.

ஒரே துறைக்குள் இரண்டு அல்லது மூன்று தலைப்புகள் வைத்துக்கொள்ளுங்கள். பத்துத் தலைப்புகளைப் பட்டியல் போட்டு அனுப்பினால், இவர் எதிலும் ஆழமாகப் போனவரில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

3. இதுவரைக்கும் ஒரு மேடைகூட ஏறினதில்லை. முதல் தடவை எங்கே பேசறது?

தவறினாலும் ஒன்றும் குடிமுழுகாத இடத்தில். அதற்கென்றே இருப்பது, மேடையில் பேசப் பழகுகிறவர்களின் சங்கங்களைக் கொண்ட டோஸ்ட்மாஸ்டர்ஸ் இன்டர்நேஷனல். 1924இல் அமெரிக்காவின் சான்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. இன்று பல நாடுகளில் அதன் சங்கங்கள் இருக்கின்றன. விருந்தினராகப் போய் ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சேர்வதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். முதல் பேச்சு உங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது, 4 முதல் 6 நிமிடம். பின்னால் வரும் பேச்சுகள் பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம். ஒவ்வொரு பேச்சுக்கும் இன்னொரு உறுப்பினர் 2, 3 நிமிடம் எழுந்து நின்று விமர்சனம் சொல்வார். முன்னறிவிப்பில்லாமல் தரப்படும் தலைப்பில் 1, 2 நிமிடம் பேசும் பகுதியும் உண்டு. கேள்வி நேரத்தில் திணறுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தவற விடக்கூடாது.

சங்கம் பக்கத்தில் இல்லையென்றால் குறும்பேச்சு நிகழ்ச்சிகளைப் பாருங்கள். பெச்சகுச்சா என்பது 2003இல் டோக்கியோவில் தொடங்கிய வடிவம்: 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 20 விநாடி, மொத்தம் 6 நிமிடம் 40 விநாடி. இக்னைட் இன்னும் சுருக்கம்: 20 ஸ்லைடு, தலா 15 விநாடி, 5 நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டிலும் ஸ்லைடு தானாக நகரும். நேரத்துக்குள் முடிக்கப் பழகுவதற்கு இதைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது. தொழில்நுட்ப மாநாடுகள் பலவற்றில் ஐந்து நிமிடப் பேச்சுக்கு அங்கேயே அன்றைக்கே பெயர் கொடுக்கலாம்.

4. டோஸ்ட்மாஸ்டர்ஸ்ல ரெண்டு வருஷமா இருக்கேன், போட்டியிலயும் ஜெயிச்சிருக்கேன். ஆனா யாரும் கூப்பிடலையே?

கூப்பிடமாட்டார்கள். அங்கே உட்கார்ந்து கேட்பவர்களும் உங்களைப்போலப் பேசப் பழக வந்தவர்கள். பேச்சாளருக்குப் பணம் தருகிறவர் அந்த அறையில் இருப்பது அரிது. ஏழு நிமிடப் போட்டிப் பேச்சும் நாற்பது நிமிட அழைப்புப் பேச்சும் வேறுவேறு வேலைகள் என்பதையும் மறக்க வேண்டாம். முன்னதில் ஒரு கருத்தை அழகாகச் சொன்னால் போதும். பின்னதில் கேட்பவருக்குப் பயன்படும் சரக்கு வேண்டும், நடுவில் தொய்வு வராமல் கொண்டுபோகும் அமைப்பு வேண்டும், கேள்விகளைச் சமாளிக்க வேண்டும்.

பயிற்சிக்கு அங்கே தொடர்ந்து போங்கள். வாய்ப்புக்கு அடுத்த பதிலில் உள்ள இடங்களுக்குப் போங்கள்.

5. சரி, பேச்சாளரைத் தேடற இடங்கள்தான் எவை?

வழக்கமாகக் கூடுகிற எந்தக் கூட்டத்துக்கும் பேச ஆள் தேவை. இதை வைத்துத் தேட ஆரம்பித்தால் இடங்கள் கண்ணில் படும். ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்கள் மாதத்துக்குச் சில முறை கூடுகின்றன. வாராவாரம் கூடும் ரோட்டரி சங்கத்துக்கு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஐம்பது கூட்டம். அந்த நாள்காட்டியை நிரப்ப வேண்டிய ஒருவர் எப்போதும் ஆள் தேடிக்கொண்டே இருப்பார். பேச 20 முதல் 30 நிமிடம் கிடைக்கும். பணம் கிடைக்காது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறுவனம் நடத்துகிறவர்கள், மேலாளர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அடுத்தது தொழில்முறைச் சங்கங்கள்: கணக்காளர், பொறியாளர், மனிதவள அலுவலர், ஆசிரியர், சிறுதொழில் முனைவோர் என்று ஒவ்வொரு துறைக்கும் இருப்பவை. இவற்றின் கிளைக் கூட்டத்தில் பேசியவர் மாநில அளவிலான கூட்டத்துக்கும், அங்கிருந்து ஆண்டு மாநாட்டுக்கும் போவது நடைமுறையில் அடிக்கடி நடக்கிறது. புதியவருக்கு நாங்கள் முதலில் சொல்லும் வழி இதுவே.

இவை தவிர நூலகங்கள், கல்லூரித் துறை மன்றங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள், மென்பொருள் பயனர் குழுக்கள், தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. நிறுவனங்களுக்குள் சில நாட்கள் வருடந்தோறும் வரும். மார்ச் 8 உலக மகளிர் தினம், ஏப்ரல் 28 பணியிடப் பாதுகாப்பு தினம், அக்டோபர் 10 உலக மனநல தினம். உங்கள் தலைப்பு இவற்றில் ஒன்றோடு ஒட்டுமானால், மூன்று மாதம் முன்பே தட்ட வேண்டிய கதவு மனிதவளத் துறையின் கதவு.

6. யாருக்கு எழுதணும்? சங்கத் தலைவருக்கே மெயில் போட்டுடலாமா?

தலைவருக்குப் போனால் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்று ஒருவர் இருப்பார், அவருக்கு எழுதுங்கள். நிறுவனமென்றால் பயிற்சி மேம்பாட்டுப் பிரிவு அல்லது மனிதவளத் துறை. விற்பனையாளர் கூட்டமென்றால் விற்பனைத் தலைவர், ஏனென்றால் அந்தச் செலவு அவர் கணக்கில்தான் விழும். மாநாடென்றால் நிகழ்ச்சிக் குழு. பெயர் தெரியவில்லையென்றால் லிங்க்ட்இனில் தேடலாம், இல்லையென்றால் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டுவிடலாம். 'நிகழ்ச்சிகளுக்குப் பேச்சாளர் ஏற்பாடு செய்வது யார்?' என்ற ஒரு கேள்வி போதும்.

ரோட்டரியிலும் லயன்ஸிலும் நிர்வாக ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. புதுப் பொறுப்பாளர் மே, ஜூன் மாதங்களில் காலியான நாள்காட்டியோடு உட்கார்ந்திருப்பார். அப்போது போகும் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு டிசம்பரில் இருக்காது. டிசம்பரில் எழுதுவதென்றால், 'யாராவது கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் ஒரு நாள் அவகாசத்தில் வருவேன்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றுப் பேச்சாளராக உள்ளே நுழைந்தவர்கள் கணிசம்.

7. முப்பது பேருக்கு மெயில் அனுப்பினேன். ஒருத்தர்கூட பதில் போடலை. எங்கே தப்பு?

பெரும்பாலும் மூன்று தவறுகள். ஒன்று, முப்பது பேருக்கும் ஒரே கடிதம் போயிருக்கும். இரண்டு, கடிதம் உங்கள் பிறப்பு வளர்ப்பில் தொடங்கி விருதுகளில் முடிந்திருக்கும். மூன்று, 'எப்போது வேண்டுமானாலும் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசத் தயார்' என்று எழுதியிருப்பீர்கள். படிப்பவர் என்ன முடிவெடுக்க வேண்டும் என்பதே அதில் இல்லை.

கைபேசித் திரையில் ஒரே பார்வையில் அடங்குகிற கடிதம் எழுதுங்கள். மாதிரிக்கு: 'வணக்கம். உங்கள் சங்கத்தின் சென்ற மாதக் கூட்டத்தில் கடன் வசூல் பற்றிப் பேசப்பட்டதைப் பார்த்தேன். லாபம் வந்தும் கையில் காசு நிற்காத சிறு நிறுவனங்களோடு கணக்காளராகப் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடத்தில், பண வரவு செலவை முன்கூட்டிப் பார்க்கும் முறை ஒன்றை உங்கள் உறுப்பினர்களுக்கு 25 நிமிடத்தில் விளக்க முடியும். அதற்கான ஒரு பக்கப் படிவத்தையும் எல்லோருக்கும் தருவேன். என் பேச்சின் மூன்று நிமிடப் பதிவை இணைத்திருக்கிறேன். அடுத்த காலாண்டில் ஏதேனும் தேதி காலியாக இருக்கிறதா?' முடிவில் ஒரே கேள்வி. அதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் போட முடியும்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து இரண்டு வரி. இன்னும் மூன்று வாரம் கழித்துக் கடைசியாக ஒன்று. அதற்குமேல் வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் புதிய தலைப்போடு வாருங்கள். யாருக்கு, எந்தத் தேதியில், எந்தத் தலைப்பில் எழுதினீர்கள் என்று ஒரு அட்டவணை வைத்திருங்கள். அது இல்லாமல் ஒரே ஆளுக்கு ஒரே கடிதத்தை இரண்டு முறை அனுப்பிவிடுவது சாதாரணமாக நடக்கும்.

8. மாநாடுகளுக்கு எப்படி விண்ணப்பிக்கறது?

மாநாடு நடத்துபவர்கள் பேச்சு முன்மொழிவுகளுக்கு அழைப்பு விடுப்பார்கள். மாநாட்டின் இணையதளத்தில் வரும். தொழில்நுட்பத் துறையில் செஷனைஸ் போன்ற தளங்கள் வழியாகவும் நடக்கிறது. பெரிய மாநாடுகளுக்கு ஆறு முதல் ஒன்பது மாதம் முன்பே கடைசித் தேதி முடிந்துவிடுவதுண்டு. அறிவிப்பைப் பார்த்தபின் யோசிப்பதற்குப் பதிலாக, சென்ற ஆண்டு எந்த மாதத்தில் அழைப்பு வந்தது என்று பார்த்து நாள்காட்டியில் குறித்துவைத்துவிடுங்கள்.

கேட்பது பொதுவாகத் தலைப்பு, சுருக்கம், கேட்பவர் கற்றுக்கொள்ளும் மூன்று விஷயங்கள், உங்கள் குறிப்பு, ஒரு காணொளி. சுருக்கத்தை 150 சொல்லுக்குள் வைத்துக்கொள்ளலாம். படிப்பவர் நூற்றுக்கணக்கில் படிக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். முதல் வாக்கியம் கேட்பவரின் சிக்கலைச் சொல்ல வேண்டும். 'இன்றைய வேகமான உலகில்' என்று தொடங்குவது அடுத்ததற்குப் போகச் சொல்லும் அழைப்பு. விடையைப் பிடித்துவைத்துக்கொண்டு 'அந்த ரகசியத்தை வந்து தெரிந்துகொள்ளுங்கள்' என்று முடிப்பதும் வேலைக்காகாது, தேர்வுக்குழுவுக்கு அந்த ரகசியம் தெரிந்தாக வேண்டும். சில மாநாடுகள் பெயரை மறைத்துவிட்டு மதிப்பிடுகின்றன. அப்படியென்றால் சுருக்கத்துக்குள் உங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ வந்தாலே தள்ளுபடி.

நிராகரித்தால் காரணம் கேட்டு ஒரு வரி எழுதுவதில் தப்பில்லை. பெரும்பாலும் 'இதே தலைப்பில் இன்னொருவர் இருக்கிறார்' என்பதுதான் காரணமாக இருக்கும்.

9. டெட்எக்ஸ் மேடை கிடைச்சா வாழ்க்கையே மாறிடும்னு சொல்றாங்களே?

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்வோம். டெட் என்பது 1984இல் தொடங்கிய மாநாடு. டெட்எக்ஸ் என்பது 2009 முதல் அதனிடம் உரிமம் பெற்று அந்தந்த ஊர்க்காரர்கள் தாங்களே நடத்தும் நிகழ்ச்சி. பேச்சு 18 நிமிடத்துக்குள். பேச்சாளருக்குக் கட்டணம் கிடையாது. பேச்சாளரிடம் மேடைக்காகப் பணம் வாங்கவும் கூடாது. மேடையில் நின்று உங்கள் சேவையையோ பொருளையோ விற்க முடியாது.

கிடைத்தால் நல்ல ஒலி, ஒளியோடு ஒரு பதிவு கையில் வரும். அதுவே அதன் முதல் பயன். பதிவு தானாகப் பரவி அழைப்புகள் கொட்டும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். அங்கே வேண்டுவது புதிய ஒரு கருத்து. 'இதை இப்படிச் செய்யுங்கள்' என்ற பயிற்சிப் பேச்சு பெரும்பாலும் எடுபடாது. உங்கள் சரக்கு பயிற்சி வகை என்றால் இதற்கு ஆகும் நேரத்தைத் தொழில்முறைச் சங்கங்களில் போடுவது லாபம்.

10. வாய்ப்புக் கேட்டா வீடியோ கேக்கறாங்க. வாய்ப்பு வந்தாத்தானே வீடியோ எடுக்க முடியும்?

இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் பணமில்லாத சின்ன மேடைகள். சேவைச் சங்கத்தில் இருபது பேர் முன் பேசியதே போதும். நிகழ்ச்சியாளரிடம் முன்பே அனுமதி வாங்குங்கள், கேட்பவர்களின் முகம் பதிவாகும் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

ஒரு கைபேசியை முக்காலியில் கண் உயரத்துக்கு வைத்து, கிடைமட்டமாகப் பிடியுங்கள். பின்னால் ஜன்னலோ எரியும் புரொஜெக்டரோ இருந்தால் முகம் கறுத்துவிடும். காணொளிகள் வீணாகப் போவதற்கு முதல் காரணம் படமில்லை, ஒலிதான். அறையின் கடைசியில் இருக்கும் கைபேசி மின்விசிறியையும் இருமலையும்தான் பிடிக்கும். சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக்கை இன்னொரு கைபேசியில் இணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கைபேசியை விமானப் பயன்முறையில் போட மறக்க வேண்டாம், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகும். தொடங்கும்போது ஒருமுறை கைதட்டினால், பிறகு ஒலியையும் படத்தையும் பொருத்த அந்தச் சத்தம் அடையாளமாக இருக்கும்.

வெட்டி எடுக்கும்போது 2 முதல் 4 நிமிடம் போதும். இசை, பறக்கும் எழுத்து, கைகுலுக்கும் படங்கள் எல்லாம் வேண்டாம். முதல் 20 விநாடிக்குள் நீங்கள் பேசுவது கேட்க வேண்டும். வெட்டாமல் ஓடும் ஒரு நிமிடப் பகுதி ஒன்றாவது இருக்கட்டும். பேச்சாளரைத் தேர்ந்தெடுத்துப் பழகியவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். துண்டு துண்டாக ஒட்டினால் எதையோ மறைப்பதாகத் தோன்றும். ஆளில்லாத அறையில் கேமராவைப் பார்த்துப் பேசியதை அனுப்ப வேண்டாம். ஆட்கள் முன் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்பது அதில் தெரியாது.

11. 'ஒன் ஷீட்' கேக்கறாங்க. அது என்ன?

உங்களைப் பற்றிய ஒரு பக்க பிடிஎஃப். ஒரு நல்ல புகைப்படம், கேள்வி 2இல் சொன்ன இரண்டு, மூன்று தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் கேட்பவருக்குக் கிடைக்கும் பயன் மூன்று வரியில், இதுவரை பேசிய இடங்கள், ஏற்பாட்டாளர் ஒருவரின் கருத்து, தொடர்பு விவரம். கட்டணத்தை இதில் போட வேண்டாம்.

கூடவே மேடையில் உங்களை அறிமுகம் செய்பவர் வாசிக்க ஐந்தாறு வரிகள் எழுதி, பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையோடு கொண்டுபோங்கள். இல்லையென்றால் இணையத்தில் கிடைத்த பழைய குறிப்பை அவர் தட்டுத்தடுமாறிப் படிப்பார், நீங்கள் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

12. இன்னும் எத்தனை நாளைக்குத்தான் இலவசமா பேசறது?

நாள் கணக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் பணத்துக்குப் பதில் என்ன கிடைக்கிறது என்பதுதான் கணக்கு. பதிவு எடுக்க அனுமதி, ஏற்பாட்டாளரின் எழுத்துபூர்வமான கருத்து, அவருக்குத் தெரிந்த இரண்டு பொறுப்பாளர்களின் அறிமுகம், உங்கள் புத்தகமோ பயிற்சியோ இருந்தால் அதை அறிவிக்க இரண்டு நிமிடம். இவற்றில் குறைந்தது இரண்டை ஒப்புக்கொள்ளும்போதே கேட்டு வாங்குங்கள். நிகழ்ச்சி முடிந்தபின் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். 'நிறைய வெளிச்சம் கிடைக்கும்' என்று மட்டும் சொல்கிறவர்களிடம், யார் வருகிறார்கள், எத்தனை பேர் என்று கேளுங்கள்.

நுழைவுக்கட்டணம் வாங்குகிற நிகழ்ச்சி, விளம்பரதாரர் இருக்கிற நிகழ்ச்சி, லாபநோக்குள்ள நிறுவனத்தின் உள்கூட்டம் ஆகியவற்றில் இலவசமாகப் பேச வேண்டிய அவசியமில்லை. முன்பின் அறியாத ஒருவர் தாமாக உங்களைத் தேடிவரத் தொடங்கிவிட்டால் கட்டணம் சொல்லும் காலம் வந்துவிட்டது.

13. 'உங்க ஃபீஸ் எவ்வளவு?'ன்னு கேட்டா நாக்கு ஒட்டிக்குது. என்ன சொல்றது?

தொகைக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் கேட்கப்போகிறார்கள், எவ்வளவு நேரம், இதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? ஒதுக்கிய தொகையைக் கேட்பது மரியாதைக் குறைவில்லை, அவர்கள் அதைத் தினமும் பேசுகிறவர்கள்.

உங்கள் பக்கத்துக் கணக்கு மேடை நேரத்தோடு முடியாது. முன்கூட்டிய தொலைபேசி உரையாடல், அந்தக் கூட்டத்துக்கேற்ப மாற்றுவது, போய்வரும் நாள் எல்லாம் சேர்த்தால் 45 நிமிடப் பேச்சுக்கு இரண்டு நாள் போய்விடும். உங்கள் தொழிலில் இரண்டு நாளில் ஈட்டுவது எவ்வளவோ, அதற்குக் கீழே இறங்காதீர்கள். பயணம், தங்குமிடம் தனி. தொகையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். மௌனம் தாங்காமல் தாமாகவே குறைத்துவிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. குறைத்துக் கேட்டால் வேலையையும் குறையுங்கள்: பயிலரங்கு இல்லாமல் பேச்சு மட்டும், நேரில் இல்லாமல் இணையவழி. காரணமில்லாமல் பாதியாகக் குறைத்தால் முதலில் சொன்ன தொகை பொய் என்றாகிவிடும்.

14. வெளிநாட்டு மாநாட்டுல பேச அழைப்பு வந்திருக்கு, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டச் சொல்றாங்க. கட்டலாமா?

கட்டாதீர்கள். ஆய்வு மாநாடுகளில் கட்டுரை வாசிப்பவர்களும் பதிவுக் கட்டணம் செலுத்துவது வழக்கம்தான்; அது கல்விப் பணி, பேச்சுத் தொழிலோடு சேராது. விளம்பரதாரர்கள் பணம் கொடுத்து மேடை நேரம் வாங்கும் வணிக நிகழ்ச்சிகளும் வெளிப்படையாகவே உண்டு. உங்களைச் 'சிறப்பு விருந்தினர்' என்று அழைத்துவிட்டு விருதுக்கும் மேடைக்கும் விலை சொன்னால் அது வேறு விஷயம். அந்த மேடையில் இருப்பவர்கள் எல்லோரும் பணம் கட்டி ஏறியவர்கள், எதிரில் இருப்பவர்களும் அவர்களே.

இதைவிட மோசமானது சுத்த மோசடி. கேட்காமலே பெரிய கட்டணம் தருவதாகக் கடிதம் வரும். பேச்சைப் பற்றி ஒரு கேள்விகூட இருக்காது. பிறகு வேலை அனுமதிக்கோ விசாவுக்கோ ஒரு 'முகவருக்கு' முன்பணம் அனுப்பச் சொல்வார்கள். அல்லது கூடுதல் தொகைக்குக் காசோலை அனுப்பி மீதியைத் திருப்பிக் கேட்பார்கள், காசோலை பிறகு திரும்பிவிடும். அரங்கின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்து, அந்தத் தேதியில் அப்படி ஒரு பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். முந்தைய ஆண்டுப் பேச்சாளர் ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள். இரண்டுக்கும் அரை மணி நேரம் ஆகாது.

15. பேச்சாளர் ஏஜென்சியில சேர்ந்துட்டா அவங்களே வாய்ப்புத் தேடித் தருவாங்களா?

ஏஜென்சி வேலை செய்வது நிகழ்ச்சி நடத்துபவருக்காக. அவர் கேட்கும் பெயரைக் கொண்டுவருவார்கள், கட்டணத்தில் பெரும்பாலும் 20 முதல் 30 விழுக்காடு எடுத்துக்கொள்வார்கள். யாரும் கேட்காத பெயரில் அவர்களுக்கு வருமானம் இல்லை. சொந்தமாகவே கட்டண நிகழ்ச்சிகள் தொடர்ந்து வந்து, கட்டணமும் ஏறியபின் அவர்களே தொடர்புகொள்வார்கள். பட்டியலில் சேர்க்க முன்பணம் கேட்கும் ஏஜென்சிக்கு முந்தைய பதிலே பொருந்தும்.

16. ஒரு இடத்துல நல்லாப் பேசினேன், எல்லாரும் கைதட்டினாங்க. அதோட சரி. அடுத்த வாய்ப்பு எப்படி வரும்?

கைதட்டியவர்களில் இரண்டு மூன்று பேர் வேறு எங்கோ கூட்டம் நடத்துகிறவர்கள். அவர்கள் யாரென்று தெரியாமல் நீங்கள் வெளியேறிவிட்டீர்கள், அவ்வளவுதான் நடந்தது. பேச்சுக்கு நேரே தொடர்புள்ள ஏதாவது ஒன்றை, சரிபார்ப்புப் பட்டியலோ படிவமோ, க்யூஆர் குறியீடு வழியாகத் தருவதாகச் சொல்லுங்கள். வாங்குகிறவர் மின்னஞ்சலையும், விருப்பமிருந்தால் 'எங்கள் கூட்டத்திலும் இதைப் பேசலாம்' என்ற கட்டத்தையும் நிரப்பட்டும். இதைப் பேச்சின் கடைசி வரிக்குச் சற்று முன்பே சொல்லுங்கள். முடித்தபின் சொன்னால் நாற்காலி நகரும் சத்தத்தில் போய்விடும்.

உடனே கிளம்பாமல் அரை மணி நேரம் நில்லுங்கள். 'எங்க ஆபீஸ்லயும் இதே பிரச்சினைதான்' என்று ஒருவர் வந்து சொன்னால், 'அங்கே இதை யார் பார்த்துக்கறாங்க?' என்று கேட்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்குள் ஏற்பாட்டாளருக்கு நன்றி எழுதி, மூன்று வரிக் கருத்தும் இன்னொருவரின் அறிமுகமும் கேளுங்கள். ஒரு வாரம் போனால் அடுத்த நிகழ்ச்சி அவர் தலையில் ஏறியிருக்கும்.

17. வேலையில இருக்கேன். ஆபீஸுக்குத் தெரியாம வார இறுதியில பேசலாமா?

முதலில் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வெளிவேலை, நலன் முரண், ரகசியக் காப்பு ஆகிய மூன்று பிரிவுகள். பேச்சுக்கும் அதற்கான கட்டணத்துக்கும் முன்அனுமதி வேண்டும் என்று பல நிறுவனங்கள் எழுதியிருக்கும். அரசுப் பணியில் விதிகள் இன்னும் இறுக்கம். தெரியாமல் செய்வது இந்தத் தொழிலில் நடக்காத காரியம். உங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்தில் போடுவதுதான் ஏற்பாட்டாளரின் முதல் வேலை.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் சின்னத்தை ஸ்லைடில் போடலாமா, பதவியைச் சொல்லலாமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் கதையைச் சொல்வதானால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், தொழில், ஆண்டு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

18. தேதி கொடுத்து, வேற நிகழ்ச்சியையும் மறுத்துட்டேன். கடைசி நேரத்துல ரத்துன்னுட்டாங்க. என்ன பண்றது?

எழுதி வாங்காவிட்டால் ஒன்றும் பண்ண முடியாது. இனிமேல் ஒரு பக்க ஒப்பந்தமாவது போடுங்கள்: தேதி, நேரம், இடம், தலைப்பு, தொகை, பயணச்செலவு யாருடையது, மைக்கும் திரையும் யார் ஏற்பாடு, பதிவு செய்தால் அதை எங்கே, எவ்வளவு நாள் பயன்படுத்தலாம். தேதியை உறுதிசெய்யப் பாதித் தொகை முன்பணம், மீதி நிகழ்ச்சி நாளில் என்பது பரவலான ஏற்பாடு. நிகழ்ச்சிக்கு முந்தைய 30 நாளுக்குள் ரத்தானால் முன்பணம் திரும்பாது, தேதியை மாற்றினால் ஒருமுறை மட்டும் அதே பணம் செல்லும் என்று எழுதலாம். முன்பணம் வரும்வரை அந்தத் தேதி 'தற்காலிகமாக ஒதுக்கியது' மட்டுமே. வேறு யாராவது கேட்டால் இவர்களுக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுத்துவிட்டு முடிவெடுங்கள்.

நீங்கள் வர முடியாமல் போனால் என்ன என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். முன்பணத்தைத் திருப்புவதோடு, அதே தலைப்பில் பேசக்கூடிய இன்னொருவர் பெயரையும் கொடுக்க முடிந்தால் அந்த ஏற்பாட்டாளர் உங்களை மறக்கமாட்டார். இதற்காகவே உங்கள் துறையில் பேசும் இரண்டு மூன்று பேரோடு பழக்கம் வைத்திருங்கள். அவர்களிடமிருந்தும் அதேபோல அழைப்புகள் உங்களுக்கு வரும்.

19. எப்போ வேலையை விட்டுட்டு முழுநேரமா இறங்கலாம்?

கடந்த பன்னிரண்டு மாதத்தின் நிகழ்ச்சிகளை எழுதி, நண்பர், உறவினர், பழைய முதலாளி வழியாக வந்ததை எல்லாம் அடித்துவிடுங்கள். மீதமுள்ள கட்டண நிகழ்ச்சிகள் மாதச் செலவில் பாதியையாவது தாங்குகின்றனவா என்று பாருங்கள். நிகழ்ச்சிகள் ஆண்டு முழுக்கச் சீராக வருவதில்லை. மாநாட்டுக் காலத்தில் ஒரே வாரத்தில் மூன்று வரும், விடுமுறைக் காலத்தில் இரண்டு மாதம் ஒன்றுமே இருக்காது. நிறுவனங்களிடமிருந்து பணம் வர ஒன்றிரண்டு மாதம் பிடிப்பதும் சகஜம். ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இல்லாமல் இறங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

முழுநேரப் பேச்சாளர் என்று அறியப்படுகிறவர்களில் பலருக்கு மேடைக் கட்டணம் வருமானத்தின் ஒரு பகுதிதான். பயிலரங்கு, தனிப்பயிற்சி, ஆலோசனை, புத்தகம் ஆகியவற்றிலிருந்து மீதி வருகிறது. மேடையில் கேட்டவர்களே அவற்றுக்கும் வாடிக்கையாளர்கள். வேலையை விடும் முன் இவற்றில் ஒன்றையாவது, ஒரே ஒரு வாடிக்கையாளரோடாவது, நடத்திப் பார்த்திருக்க வேண்டும்.